மூன்று மணித் தண்ணீர்

எண்பத்தாறாம் வருஷத்து நகராட்சித் தேர்தல் முடிவு வந்ததிலிருந்து, வாத்தியார் ஜீவகுமாருக்குத் தெருவே சந்தேகமாகத் தெரிந்தது. பெரிய கோயிலின் மேற்குக் கோபுரமான பே கோபுரத்துக்குப் பின்னாலிருந்த அந்த வார்டில் அவரை விட்டுவிட்டு இருசப்பனையல்லவா ஜெயிக்க வைத்துவிட்டார்கள்! சட்டம் என்ன விலை என்று கேட்கிற ஆள். தண்ணீர் வால்வின் பூட்டைப் பட்டப்பகலில் கல்லால் உடைத்தவன், தடுக்க வந்த நகராட்சி மேஸ்திரியை அறைந்தவன்.

பணம்தான் விளையாடியிருக்கிறது என்று ஜீவகுமார் முடிவு கட்டினார். எதிர்வீட்டுச் சந்திரம்மாள், "உங்களுக்குத்தாங்க போட்டேன் சார்" என்று கேட்காமலே சொன்னாள். கேட்காமல் ஏன் சொல்ல வேண்டும்? தையல்காரர் மூர்த்தி வலிய டீ வாங்கிக் கொடுத்தார். அதுவும் சரியாகப் படவில்லை. ஜீவகுமார் நல்லவர்தான். ஆனால் தோற்றுப்போன நல்லவரோடு குடித்தனம் நடத்துவது லேசில்லை.

அது சமண வீடு. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும்; முந்தின நாள் தண்ணீரில் சமைக்கவும் கூடாது. குழாயிலோ முன்பெல்லாம் விளக்கு வைத்த பிறகுதான் தண்ணீர் வரும். அதை மாற்றச் சொல்லி ஜீவகுமார் வருஷக்கணக்கில் மனு எழுதினார். இருசப்பன் பூட்டை உடைத்த நாளிலிருந்து மூன்று மணிக்கே தண்ணீர் வந்தது. அவர் மனைவி குணமதி அதைத்தான் துணியில் வடிகட்டி உலை வைத்தாள். அவரும் அந்தச் சோற்றைத்தான் சாப்பிட்டு வந்தார்.

அன்று சாப்பிடும்போது, "கூடவே இருந்து யாரோ குழி பறிச்சிருக்காங்க" என்றார்.

குணமதி குழம்பை ஊற்றினாள். "நான் இருசப்பனுக்குத்தாங்க போட்டேன்."

அவர் சோற்றிலிருந்து கையை எடுத்தார். "எவ்ளோ குடுத்தான்?"

அந்தக் கேள்வியில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"காசுக்கா போட்டேன்? பூட்டை உடைச்சது தப்பு, மனுசனை அடிச்சது அதைவிட ஜாஸ்தி பாவம். எனக்குத் தெரியாதா? ஆனா அந்த மேஸ்திரிகிட்ட நான் குடத்தோட போய்க் கெஞ்சினப்போ, ‘ராத்திரில சாப்பிட்டா செத்தா போயிடுவே?’ன்னு சிரிச்சான். உங்ககிட்ட வந்து அழுதேன். அதையும் மனுவுல சேர்த்து எழுதினீங்க. அந்த மேஸ்திரி கன்னத்துல அடி விழுந்தப்போ எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சுங்க. என்னை நெனச்சு எனக்கே பயமாயிடுச்சு. தெருவுல எல்லாருக்கும் அப்படித்தான். யாரு வாயை விட்டுச் சொல்லுவாங்க?"

ஜீவகுமாருக்குக் கோபமும் அவமானமும் ஒன்றாகப் பொங்கின. "நாளைக்கு நம்ம வீட்டுப் பூட்டையே உடைச்சான்னா?"

"உடைப்பான். அது தெரிஞ்சுதான் போட்டேன்" என்றாள் குணமதி. "அப்பவும் நீங்க மனுதான் எழுதுவீங்க."