பால் கேனில் அடைபட்ட அழுகை

வேம்படிநகர் பேரூராட்சி முதன்முதலில் பறிமுதல் செய்தது ஒரு மாவு மில்லின் சத்தத்தை. நாற்பது லிட்டர் பால் கேனில் அது கழுத்துவரைதான் வந்தது. மில் அதற்குப் பிறகும் ஓடியது. பெல்ட் சுற்றியது, மிளகாய் அரைபட்டது, வரிசையில் நின்ற பெண்கள் தும்மினார்கள். சத்தம் மட்டும் கேனுக்குள் இருந்தது. காட்டூருக்கும் திருவெறும்பூருக்கும் நடுவே தஞ்சாவூர் ரோட்டை ஒட்டிக் கிடக்கும் வேம்படிநகரில் பாதிப் பேர் ஃபேக்டரியில் நைட் ஷிப்ட் பார்ப்பவர்கள். அவர்கள் பகலில் தூங்க வேண்டும். மீதிப் பாதி பகலில்தான் கல்யாணம் செய்யும், காது குத்தும், சண்டை போடும். புகார்கள் பெருகிப் பெருகிக் கடைசியில் மன்றத்தில் தீர்மானம் போட்டார்கள்: அளவுக்கு மீறிய சத்தம் யாருடையதானாலும் பேரூராட்சி எடுத்து வைத்துக்கொள்ளும். எப்படி எடுப்பது என்று தீர்மானத்தில் இல்லை. அதைச் சுகாதார மேற்பார்வையாளர் அழகிரியின் தலையில் கட்டினார்கள். கொசு, தெருநாய், பன்றி ஆகிய மூன்றும் ஏற்கெனவே அவர் பொறுப்பில் இருந்தன. மூன்றும் நல்ல ஆரோக்கியத்துடன் இருந்தன.

மூடிப்போன பால் சொசைட்டியின் அலுமினிய கேன்கள் ஆபீஸ் ஷெட்டில் சும்மா கிடந்தன. அழகிரி விளையாட்டுக்குத்தான் ஒன்றை எடுத்துப்போய் மில் வாசலில் திறந்துவைத்து, ஊரே பார்த்துக்கொண்டிருக்க டப்பென்று மூடினார். சத்தம் நின்றது. மற்றவர்கள் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. மூடி சரியாக இருந்தால் எதுவும் நிற்கும் என்று மட்டும் பழைய பால்காரர் ஒருவர் சொன்னார். அழகிரிக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. ‘சவுண்ட் இன்ஸ்பெக்டர்’ என்று விசிட்டிங் கார்டு அடிக்கலாமா என்று வீட்டில் கேட்டுவைத்தார். “மொதல்ல உங்க வாயைக் கொண்டுபோய் கேன்ல வைங்க” என்றாள் மனைவி மலர்க்கொடி.

அந்த வருஷம் சைலன்சர் கழற்றிய பைக்குகள் ஊமையாகப் போய் ஆடுகளை இடித்தன. காதுகுத்து வீட்டுக் குழாய் ஸ்பீக்கர்கள் சும்மா வாயைப் பிளந்துகொண்டு நின்றன. குழாயடிச் சண்டைகள் கைச் சைகையில் நடந்தன, அவற்றில் அதிக அசிங்கம் இருந்தது. நைட் ஷிப்ட்காரர்கள் இரண்டு வாரம் நன்றாகத் தூங்கினார்கள். மூன்றாவது வாரம் அவர்களுக்கும் தூக்கம் போய்விட்டது. என்னவோ நடக்கப்போகிறது, நமக்குத்தான் தெரியவில்லை என்று எல்லோருக்கும் தோன்ற ஆரம்பித்தது. காரணமில்லாமல் வாசலுக்கு வந்து ரோட்டை எட்டிப் பார்த்தார்கள். வங்கி வரிசையில் நின்றவர்கள் காலை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பிளஸ் டூ பரீட்சை நெருங்கியபோது தீர்மானத்தை இன்னும் இறுக்கினார்கள். பிள்ளைகள் அமைதியில் படிக்க முடியாமல் அறைக்குள் நடந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஃபேக்டரி கேட்டுக்கு எதிரே மரவள்ளிக் கிழங்கு அவித்து விற்றுக்கொண்டிருந்த சின்னையா செத்துப்போனார். பச்சைமலைப் பக்கத்திலிருந்து சொந்தங்கள் வேன் பிடித்து வந்தார்கள். வெள்ளைச்சாமி தன் மைக் செட்டைக் கொண்டுவந்து கட்டினார். ஒப்பாரி சொல்ல வந்தவள் இளைப்பாற டீ குடிக்கப் போன நேரத்தில் யாரோ மைக்கைச் சின்னையாவின் மனைவி காளியாயியின் முன்னால் நகர்த்திவைத்தார்கள். அவள் அதைக் கவனிக்கவில்லை. வாய்விட்டு அழுதாள். அது ரயில்வே லைன் வரைக்கும் கேட்டது. படிக்கிற பிள்ளையின் தகப்பன் ஒருவர் போன் செய்ய, அழகிரி கேனோடு வந்தார். சாவு வீடாயிற்றே என்று செருப்பை வெளியே விட்டு, மாலைக்கு ஒரு கும்பிடு போட்டு, ஸ்பீக்கருக்கு நேரே கேனைப் பிடித்து மூடினார். மரியாதையாகத்தான் செய்தார். அதில் அவருக்குச் சந்தேகம் இல்லை.

மறுநாள் காளியாயி ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். அவளால் பேச முடிந்தது, இரும முடிந்தது, அழத்தான் முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, மார்பு ஏறி இறங்கியது, வாய் திறந்தது, உள்ளேயிருந்து ஒன்றும் வரவில்லை.

“தம்பி, என் அழுகை ஒங்ககிட்ட இருக்கு” என்றாள். “காரியம் முடியங்காட்டியும் குடுத்துருங்க.”

“அது மைக் செட் சத்தம்மா. ஒங்களோடது இல்ல.”

அவளுக்குப் பின்னால் நின்ற வெள்ளைச்சாமி தலையைச் சொறிந்தார். “எஞ் செட்டு நல்லாத்தான் பாடுது சார். நேத்து சாயங்காலமே போட்டுப் பாத்துட்டேன். போனது இந்தக்காவோடதுதான்.”

“போட்டுப் பாத்தியா? பரீட்சை நேரத்துலயா?”

“மெதுவாத்தான் சார்” என்று வெள்ளைச்சாமி ஓர் அடி பின்னால் போனார்.

காளியாயி வீட்டில் நாத்தனார் தங்கியிருந்தாள். இழவு கேட்க வருகிற ஒவ்வொருவரிடமும் அவள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். “பாத்தீங்களா? எங்கண்ணன் போயிட்டான். இவ கல்லாட்டம் ஒக்காந்திருக்கா. ஒரு சத்தம் உண்டா?” வருகிறவர்கள் காளியாயியின் வாயைப் பார்த்தார்கள். பதினாறாம் நாள் அம்மா மண்டபத்தில் காவிரிக் கரையில் சின்னையாவை வழியனுப்பும்போதும் இப்படியேதான் உட்கார்ந்திருப்பேனா என்பதுதான் அவளுடைய ஒரே கவலையாக இருந்தது. முப்பது வருஷம் அவரோடு கிழங்கு சுமந்தவள் அவள். போகிற மனுஷனுக்கு ஒரு சத்தம் கேட்க வேண்டாமா?

அழகிரி செயல் அலுவலர் பானுப்ரியாவிடம் போனார். சின்ன வயசு, நல்ல படிப்பு, எல்லாவற்றுக்கும் விதி கேட்கிறவர்.

“மைக் வழியாத்தானே வந்துச்சு?”

“ஆமா மேடம்.”

“அப்ப மைக் செட்டுதான். பரீட்சை முடியட்டும், வந்து வாங்கிக்கச் சொல்லுங்க.”

“பரீட்சை முடியறதுக்குள்ள காரியம் முடிஞ்சிரும் மேடம்.”

“இப்பக் குடுத்தா அந்தம்மா அழுவாங்க. அழுதா திரும்பப் புடிக்கணும். எதுக்கு ரெண்டு வேலை?”

அதில் நியாயம் இருப்பது அழகிரிக்கும் தெரிந்தது. அன்றிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. டீ வாங்கினால் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். ஷெட்டுக்கும் ஆபீசுக்கும் நடந்தார். கேன்களின் மேல் கையை வைத்தால் ஒவ்வொன்றும் காய்ச்சல்காரன் உடம்பு போல நடுங்கியது; எது எதன் நடுக்கம் என்று தெரியவில்லை. கேன் மேல் சாக்பீஸால் பெயர் எழுதிவைப்பது வழக்கம்தான். ஆனால் மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று துப்புரவுப் பணியாளர் இருதயமேரியிடம் எல்லாக் கேன்களையும் பளபளவென்று தேய்த்து வைக்கச் சொன்னவர் அழகிரியேதான். இருதயமேரி புளி போட்டுத் தேய்த்திருந்தாள். வந்த அதிகாரி கேன்களில் தன் முகத்தைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டு, மிகவும் திருப்தி என்று சொல்லிவிட்டுப் போனார். இனி எல்லாவற்றையும் திறந்துதான் பார்க்க வேண்டும். வேம்படிநகரில் திறந்தால் ஒரு வருஷத்துச் சத்தம் ஒரே நாளில் பரீட்சைப் பிள்ளைகளின் தலையில் விழும்.

காளியாயி தினமும் வந்தாள். யாரையும் திட்டவில்லை. வேப்பமர நிழலில் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடினாள். மீன் கரையில் கிடந்து செய்வதைப் போல இருந்தது. ஜன்னல் வழியே பானுப்ரியா பார்த்தார். எழுந்து ஜன்னலைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் அவரே திறந்தார். இப்படிச் சாத்தியும் திறந்தும் ஒரு வாரம் போனபின், ஜன்னல் கொக்கியே கழன்று கையோடு வந்துவிட்டது. காரியத்துக்கு முந்தின நாள் காலையில் அவர் அழகிரியைக் கூப்பிட்டார்.

“கேனெல்லாம் உள்பக்கம் கழுவலையே சார். நாத்தம் அடிக்குது. கொள்ளிடத்துக்குக் கொண்டுபோய்க் கழுவிட்டு வாங்க.”

“கொள்ளிடத்துல தண்ணியே இல்லீங்க மேடம். வெறும் மணல்.”

“எனக்குத் தெரியும்” என்றார் பானுப்ரியா, ஃபைலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வெள்ளைச்சாமியின் லோடு ஆட்டோவில் கேன்களை ஏற்றினார்கள். பால்பண்ணை, பைபாஸ், திருவானைக்கோவில் என்று வண்டி ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரில் ஏறும்போதும் கேன்கள் உள்ளுக்குள் முணுமுணுத்தன. பின்னால் கேன்களுக்கு நடுவே காளியாயி இரண்டைக் கையால் அணைத்துப் பிடித்தபடி வந்தாள். கொள்ளிடம் பாலத்துக்குக் கீழே, வெயில் ஏறிக் கிடந்த மணலில் இறக்கி வரிசையாக வைத்தார்கள்.

முதல் கேனிலிருந்து ஒரு பைக் புறப்பட்டது. வண்டி இல்லை, சத்தம் மட்டும். மணலைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டுப் பாலத்தில் ஏறி ஊர்ப்பக்கம் போனது. அடுத்ததிலிருந்து ஒரு காதுகுத்து வந்தது, குழந்தையின் வீறலோடும் தாய்மாமன் பெயர் அறிவிப்போடும். மாவு மில் சத்தம் கரகரவென்று கிழக்கே நடந்தது. ஒரு கேனில் சரவெடி இருந்தது. தூரத்துக் கொக்குகள் மொத்தமாக எழுந்தன. பாலத்தில் போனவர்கள் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டு, பேரூராட்சி வேலை என்று தெரிந்ததும் போய்விட்டார்கள். ஒவ்வொன்றும் வெளியே வரும்போது காளியாயி காதைச் சாய்த்துக் கேட்டாள். “நம்மளது இல்ல தம்பி” என்றாள். ஒரு குழாயடிச் சண்டை வந்தபோது மட்டும் அது முடிகிறவரை நின்று கேட்டாள். “இவ சொல்றதுதான் ஞாயம்” என்றாள். அழகிரியின் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. கேன்கள் குறையக் குறைய அவர் மூடியைத் திறப்பதற்கு முன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

பிறகு அது வந்தது. வெளியே வந்து மணலில் நின்றது. காளியாயி தன் அழுகையை எதிரே நிற்கவைத்துக் கேட்டாள். தனக்கு இருந்தது இவ்வளவா என்பது போல முகம் மாறியது. “என்னோடதுதான்” என்றாள். ஆனால் அதோடு கூட இன்னொன்றும் கேட்டது: கிணிங், கிணிங் என்று ஒரு சின்ன மணி. ஒவ்வொரு விம்மலுக்கு நடுவிலும் அது அடித்தது.

அழகிரி போனில் இருதயமேரியைக் கூப்பிட்டார். “அட அதுவா சார்,” என்றாள் அவள். “அன்னிக்கே குல்பி ஐஸ் ஜமால் பாய் மணியையும் புடிச்சீங்கள்ல. கேன் பத்தல. சின்னச் சத்தம்தானேன்னு அந்தம்மா கேன்லயே மூடியை லேசா நீக்கி ஒரு ஓரமாச் செருகி வச்சேன். ஊறுகா ஜாடியில எடம் பண்ற மாதிரி.”

இருட்டில் நெருக்கியடித்துக் கிடந்ததில் அழுகையும் மணியும் ஒன்றாகிவிட்டிருந்தன. பிரிக்கப் பார்த்தார்கள். வெள்ளைச்சாமி கைதட்டி விரட்டினார், அழகிரி காலி கேனை நீட்டி மணியை மட்டும் கூப்பிட்டார், போகவில்லை. நேரம் ஆக ஆக அழுகை மணலில் தேய்ந்துகொண்டு வந்தது. காளியாயி பொறுக்க மாட்டாமல் வாயைத் திறந்தாள். இரண்டும் உள்ளே போயின.

அழகிரி அன்றே ஜமாலைத் தேடிப்போனார். பாலக்கரையில் தம்பி வீட்டு வாசலில் மணியைக் கழற்றிவைத்துக்கொண்டு ஜமால் சும்மா உட்கார்ந்திருந்தார். அழகிரி சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

“மையத்து வீட்டுக்குப் போன பொருள் சார். எப்படித் திருப்பிக் கேக்கறது? அவங்ககிட்டயே இருக்கட்டும். நான் கையைத் தட்டி வித்துக்கறேன்.”

மறுநாள் அம்மா மண்டபத்தில் காளியாயி அழுதாள். மணி அடித்தது. ஐயர் ஒரு கணம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். நாத்தனார் எதையோ சொல்ல வாயெடுத்தவள், அந்த அழுகையைக் கேட்டதும் தானும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். படித்துறையில் குளித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஈரத் துணியோடு ஓடிவந்து ஐஸ் வண்டி எங்கே என்று தேடினார்கள்.

தீர்மானம் அதற்கடுத்த கூட்டத்தில் ரத்தாயிற்று. கேன்களைப் பழைய பாத்திரக்காரர் எடுத்துக்கொண்டார். காளியாயி இப்போது வீட்டு வாசலிலேயே கிழங்கு அவிக்கிறாள். சில நாள் மத்தியானத்தில் சின்னையாவின் நினைப்பு வரும், உட்கார்ந்து அழுவாள். மணிச் சத்தம் கேட்டுத் தெருப் பிள்ளைகள் எல்லாம் காசோடு வந்து சுற்றி நிற்பார்கள். ஆரம்பத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஐஸ் இல்ல கண்ணுகளா, நான்தான்” என்று சொல்லி அனுப்பினாள். அவர்கள் போகாமல் அவள் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஜமாலே வண்டியை அந்த வாசலில் கொண்டுவந்து நிறுத்தப் பழகிவிட்டார். அழகிரி அந்தப் பக்கம் போகும்போது பழக்கதோஷத்தில் நின்று காதைக் கொடுப்பார். அளவுக்குள்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஒரு குல்பி வாங்குவார்.

போன வாரம் அவர் போனபோது வண்டி நின்றது, பிள்ளைகள் நின்றார்கள், மணி மட்டும் கேட்கவில்லை. காளியாயி கிழங்குச் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா,” என்றார் ஜமால், “இன்னிக்கு இல்லையா?”

காளியாயி கொஞ்சம் யோசித்துப் பார்த்தாள். “இன்னிக்கு வரல தம்பி” என்றாள். “நீங்க கையைத் தட்டிக்கங்க.”