வியாழக்கிழமை விலை

ஒர்கிட் சுப்பர் மார்க்கட்டில் யசோதினி பார்த்த வேலையைச் சொன்னால் சிரிப்பு வரும். செவ்வாய்க்கிழமைதோறும் போட்டிக் கடைக்குப் போய்ச் சாமான் வாங்க வேண்டும். அவ்வளவுதான். அதற்கும் ஒரு சம்பளம். ஆனால் அவள் அதை வீட்டில் வாய் திறந்து சொன்னதில்லை. ஹந்தானைத் தேயிலைத் தோட்ட லயத்தில் எல்லோருக்கும் அவள் 'ஒர்கிட் ஒபீசில் வேலை செய்யும் பிள்ளை'.

ஒர்கிட் காசுக்காரர்களின் கடை. கண்டி டவுனில் அதன் வாசலில் காரை நிறுத்த இடம் தேடி மூன்று சுற்றுச் சுற்றுவார்கள். உள்ளே போனபின் விலையைப் பார்க்க மாட்டார்கள். விலையைப் பார்த்துப் பார்த்து வாங்குகிறவர்களைப் போட்டிக் கடையான சேவர் மார்ட் வளைத்து வைத்திருந்தது. அவர்களையும் விட்டுவைப்பானேன் என்று, அம்பிட்டியச் சந்தியில் சேவருக்கு நேரெதிரே 'ஒர்கிட் மினி' என்று ஒரு சின்னக் கடையைத் திறந்தார்கள். டவுன் கடையில் 'மேடம்' என்று கூப்பிடும் பிள்ளைகள் மினிக்கு மாற்றலாகி வந்தால் 'அக்கா' என்று கூப்பிட வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. உறவுமுறையும் வருமானத்தைப் பார்த்துத்தான் வந்தது.

சேவர் விலைகளை அறிந்துவர யசோதினியை ஏன் பிடித்தாள் என்பதை ஒர்கிட் மனேஜர் டிலானி மிஸ் மறைக்கவுமில்லை. அங்கே வருகிறவர்களைப் போலவே இருக்கிறாளாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்களாம். யசோதினிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் போனாள்.

சேவரில் படம் எடுக்க விடமாட்டார்கள். அதனால் லயத்துப் பெண்கள் எல்லோரும் செய்வதையே அவளும் செய்தாள். போனைக் காதில் வைத்துக்கொண்டு, "அம்மா, பருப்பு இன்னக்கி முன்னூத்தி இருவதாம், எடுக்கவா?" என்று தட்டுத் தட்டாக விலையை வாசித்துக்கொண்டே நடப்பாள். போன் அதைப் பதிவு செய்துகொண்டிருக்கும். அம்மா கண்மூடி நாலு வருடமாகிவிட்டது.

கவுன்டர் பக்கம் வந்ததும் போனைப் பைக்குள் போட்டுவிடுவாள். அங்கே காசாளராக இருந்தவள் அவளுடைய அண்ணி கிருஷாந்தி. முதுகில் அடிபட்ட அண்ணன் ரமேஸ் ஆறு மாதமாகப் படுக்கையில். வீடு ஓடுவது இந்த இரண்டு பெண்களின் சம்பளத்தில். செவ்வாய்க்கிழமை தவறாமல் நாத்தனார் தன்னைப் பார்க்கத்தான் வருகிறாள் என்று அண்ணி நினைத்தாள். யசோதினி அவளை அப்படியே நினைக்கவிட்டாள். அது பாவம் என்று அவளுக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை தட்டுகளில் ஒட்டிய புது விலைகளைச் சேவர் வியாழக்கிழமை காலையில் வாசல் பலகையில் மாட்டும். ஒன்பது மணிக்குள் எதிரே ஒர்கிட் மினியில் அதைவிட இரண்டு ரூபாய் குறைவாக ஒரு பலகை ஏறிவிடும். சேவரின் மனேஜர் ரிஸ்மி, திகன ஊர்க்காரர், அதிர்ந்து பேசாத மனிதர். இத்தனை விலையையும் வெளியாள் ஒருவர் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போக முடியாது, உள்ளேதான் யாரோ விற்கிறார்கள் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். முதலில் காசாளர்களின் போன்களை ஒரு பெட்டியில் வாங்கி வைத்தார். அடுத்த வாரம் கவுன்டர்களுக்கு மேலே கமரா வந்தது. அதற்கடுத்த வாரம் பைகளைக் கொட்டிப் பார்த்தார். இதையெல்லாம் அண்ணி சோற்றைப் பிசைந்தபடி சிரித்துச் சிரித்துச் சொல்வாள். யசோதினி பாதிச் சோற்றோடு எழுந்துவிடுவாள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, அண்ணி கவுன்டரில் குனிந்து, "யசோ, பால்மாவ வச்சிட்டுப் போ. நாளன்னைக்கி ஆயிரத்து நாப்பத்தஞ்சுக்கு எறங்குது. ஒனக்கு மட்டுந்தான் சொல்றேன்" என்றாள்.

யசோதினி பால்மாப் பக்கட்டை வாங்காமல் வைத்துவிட்டு வந்தாள். அந்த விலையைச் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தாள். தட்டில் ஒட்டியிருப்பதை வாசிப்பது ஒன்று, அண்ணியின் வாயிலிருந்து வந்ததை விற்பது வேறு. ஆனால் மறுநாள் டிலானி மிஸ் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். தற்காலிகமாக எடுத்தவர்களை மாதக் கடைசியில் நிறுத்தப்போகிறார்களாம். உருப்படியாக எதையாவது கொண்டுவந்தால் பேசிப் பார்க்கலாமாம். யசோதினி கைகளைப் பார்த்துக்கொண்டே அந்த விலையைச் சொல்லிவிட்டாள்.

வியாழன் காலை ஒர்கிட் மினியின் வாசலில் பால்மா ஆயிரத்து நாற்பத்து மூன்று என்று பெரிய பலகை தொங்கியது. எதிரே சேவரில் பால்மா விலை இறங்கவேயில்லை. 

பத்து மணிக்கு அண்ணி சேவர் ஒபீஸ் போனிலிருந்து அழைத்தாள்.  நாலு காசாளர்களுக்கும் நாலு விலை சொல்லியிருந்தாராம் மனேஜர். நாற்பத்தைந்து என்று சொன்னது கிருஷாந்தி ஒருத்திக்கு மட்டும். "நீ ஒருதடவ வந்து சொல்லு யசோ, நா வெளியாள் யார்கிட்டயும் பேசலன்னு."

ஒபீசில் இருக்கிற பிள்ளைக்கு விலைப் பலகையோடு என்ன சம்பந்தம் என்று நினைத்த அண்ணிக்கு இன்னும் சந்தேகம் வரவில்லை. அதுதான் யசோதினியைக் கொன்றது.

ரிஸ்மியின் அறையில் ஒரு மேசை, இரண்டு கதிரை. அண்ணி நின்றுகொண்டிருந்தாள். யசோதினியை அவர் உட்காரச் சொன்னார்.

"தங்கச்சி, மதினி ஒங்களுக்கு பால்மா வெல பத்தி ஏதும் சொன்னாங்களா?"

சொன்னாள் என்றால் அண்ணியின் வேலை போகும். இல்லை என்றால், வேறு யாருக்கோ விற்றவள் ஆகிவிடுவாள்.  நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தாள். பார்த்திருக்கக்கூடாது. யசோதினியின் முகத்திலிருந்தே அண்ணிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அவகிட்ட கேக்காதீங்க சேர்" என்றாள் கிருஷாந்தி. "நாந்தான் வித்தேன். வீட்டுக் கஷ்டம். இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

யசோதினி எழுந்தாள். பேசவில்லை. பேச இடமிருந்தது, நேரமும் இருந்தது, அவள்தான் பேசவில்லை. ரிஸ்மி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பொலிசுக்குப் போகவில்லை, சீருடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்றார்.

சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது யசோதினி அழுதுகொண்டே அண்ணியின் கையைப் பிடித்தாள். கிருஷாந்தி கையை விடுவித்துக்கொண்டாள்.

"நீ வேலைக்குப் போ. வீட்ல ஒரு சம்பளமாச்சும் மிஞ்சணும்னுதான் அப்பிடிச் சொன்னேன். ஒம்மேல பாசத்துல இல்ல."