ஞாயிற்றுக்கிழமைப் பக்கம்

…இவர்களுக்கு எல்லாமே பிடித்துவிடுகிறது, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை, ஒருவர் படித்து முடிப்பதற்குள் முகத்தில் ஒரு சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு, அருமைங்க, மனசைத் தொட்டுடுச்சுங்க… எங்கே தொட்டது, எந்த வரி தொட்டது, கேட்டால் விழிப்பார்கள். பூந்தமல்லியில் ராபியாவின் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஞாயிறு காலை பத்து மணி, ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி வந்து உரக்கப் படிக்க வேண்டும், கேட்டவர்கள் மனதில் நின்ற ஓரிடத்தையும் புரியாமல் போன ஓரிடத்தையும் சொல்ல வேண்டும், எழுத எழுதத்தான் எழுத்து வரும் என்பது ராபியாவின் கட்சி. சரி. ஆனால் புரியாத இடத்தை யார் சொல்கிறார்கள்? நான் ஒருத்திதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினாறு வருடமாகக் காப்பீட்டு விண்ணப்பங்களில் தப்பு பிடிக்கிறவளுக்கு இது ஒரு வேலையா? குழுவில் இருக்கிற லாவண்யா தன் பக்கத்தில் எழுதி வந்த நிலாவைப் பற்றி நான் சொன்னதில் அவள் இரண்டு வாரம் வரவில்லை, திரும்பி வந்தபோது அவள் பக்கத்தில் நிலா இல்லை, பக்கம் தேறியிருந்தது, அதற்கு எனக்கு ஒரு நன்றி உண்டா? கொஞ்சம் மெதுவா சொல்லுங்களேன் ரேணுகா என்று ராபியா தேநீர் நீட்டியதுதான் மிச்சம்.

அந்தத் துலுக்கானம் வேறு. குமணன்சாவடியில் ஆட்டோ ஓட்டுகிறவர், மனைவி போய் ஆறு மாதம், வாரா வாரம் வந்து அவளைத் தெய்வமே என்று எழுதிப் பாதியில் குரல் உடைந்து உட்கார்ந்துவிடுவார், எல்லோரும் மூக்கை உறிஞ்சுவார்கள்… போன வாரம் எனக்குப் பொறுக்கவில்லை. அழுகையை எங்க தலையில கொட்டாதீங்க, என்ன நடந்ததோ அதை எழுதுங்க, முடியலைன்னா எழுதாதீங்க என்றேன். அவர் திருந்தட்டும் என்று சொல்லவில்லை. வராமல் போகட்டும் என்றுதான் சொன்னேன்.

வந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துப் படித்தார், இந்த முறை குரல் உடையவில்லை. மார் வலிக்கிறது என்று சொன்ன மனைவியைப் பின்சீட்டில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போகிறார், விடியற்காலை, கரையான்சாவடி சிக்னலில் சிவப்பு, குறுக்கே ஒரு வண்டி இல்லை, ஒரு நாய்கூட இல்லை, ஆனால் நிற்கிறார், இருபது வருடப் பழக்கம் காலை பிரேக்கில் வைக்கிறது, கண்ணாடியில் அவள் பார்க்கிறாள், போய்யா என்கிறாள், இவர் பச்சைக்குக் காத்திருக்கிறார்… அவ்வளவுதான், அங்கேயே நிறுத்திவிட்டார். யாரும் அருமை என்று சொல்லவில்லை.

“நீ சொன்னதுனாலதான் மேடம் எய்துனேன். அதுக்கு முன்ன அத்த யாராண்டயும் சொன்னதில்ல,” என்றார்.

எனக்கு வந்தது கோபம். விரட்டுவதற்காகச் சொன்னதை எடுத்து ஒரு மனிதர் எழுதக் கற்றுக்கொண்டால், அதற்கு நான் என்ன செய்வது, சந்தோஷப்படுவதா? எட்டு வாரமாக ஒரே பக்கத்தைத்தான் திருத்தித் திருத்தி இங்கே படித்து வருகிறேன், ஒரு ஒற்றுப்பிழை கிடையாது, அதையே எடுத்துப் படித்தேன், வேண்டுமென்றே நிதானமாக. ஒரு பெண் சமைக்கிறாள், போன் அடிக்கிறது, வெளியே மழை பிடிக்கிறது, மறுநாள் ஆவடியில் அவள் அப்பாவின் வீட்டு வாசலில் துக்கத்துக்கு வந்தவர்களின் செருப்புகள். முடித்தேன். எல்லோரும் தாளைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள்.

துலுக்கானம்தான் கேட்டார். “போன் அடிச்சிதுன்னு கீது. அப்பால மழ வந்துடுது. போன யாரு எட்த்தா?”

அது கதைக்கு வேண்டாம் என்றேன்.

“வாணாம்னா எதுக்கு அடிச்சிதுன்னு எய்துன?” கேலி இல்லை அந்தக் குரலில், வழி கேட்கிறவர் குரல், அதுதான் தாங்கவில்லை. உடனே லாவண்யா, எனக்கும் முதல் வாரமே தோணுச்சு மேடம், உங்ககிட்ட சொல்ல பயமா இருந்தது என்றாள். எட்டு வாரம்! இத்தனை பேரும் அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டு எனக்கு நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று சொல்லியிருக்கிறார்கள். பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். ராபியா படிவரை வந்தாள், அடுத்த ஞாயிறு வருவீங்கல்ல என்றாள், நான் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தேன்.

மாங்காடு பஸ்ஸில் ஜன்னலோரம், மடியில் அந்தத் தாள், வெயில்… யார் எடுத்தா என்றால் என்ன அர்த்தம், இவர்கள் யார் கேட்க? அன்றைக்கு அப்பா மூன்று முறை கூப்பிட்டாயிற்று, டிவி ரிமோட் வேலை செய்யவில்லை என்று, நான்காவது முறை அடித்தபோது கடுகு வெடித்துக்கொண்டிருந்தது, திரையில் அப்பா என்று இருந்தது, விரலை அருகே கொண்டுபோனேன், அதுவரைக்கும் தெளிவாக இருக்கிறது. அதற்குப் பிறகு சத்தம் இல்லை. தானாக நின்றதா, நான் துண்டித்தேனா? போன் அடித்தது என்ற வரிக்கும் மழைக்கும் நடுவில் ஒரு வரிக்குத்தான் இடம் இருக்கிறது, பேனாவைத் திறந்து, அவள் என்று எழுதி, அடித்துவிட்டு, நான் என்று எழுதினேன், அடுத்த சொல் என்னவென்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை.