பியூலா வந்த வழி

பியூலா தங்கராணி இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தபோது ஓவர்சியர் சீனிச்சாமி வந்தார். அவள் கதை எழுத வந்த வழியை இன்று மூடப் போகிறார்கள் என்றார்.

"யாராச்சும் அங்கன நின்னா கூட்டிட்டு வந்துருங்கம்மா. மத்தியானம் தார் ஊத்திருவோம்."

"எந்த வழி?"

"நீங்க வந்த வழிதாம்மா. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்றுதான் பியூலா நினைத்திருந்தாள். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கூட்டங்களில் எப்படி எழுத வந்தீர்கள் என்று கேட்பார்கள். அப்பா வாங்கிப் போட்ட வார இதழ்கள், கிளை நூலகம், நூலகத்து வாசலில் ஒரு வேப்பமரம் என்று சொல்வாள். கைதட்டுவார்கள். சொல்லிச் சொல்லி அவளுக்கே அந்த மரத்தின் நிழல் பழகிவிட்டது.

கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினாள். துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் வழி இருந்தது. இத்தனை வருஷமாக அதைச் சுவர் என்று நினைத்திருந்தாள். ஓவர்சியர் முன்னால் நடந்தார்.

"நூலகம் எங்க வரும்?" என்று கேட்டாள்.

"இதுல நூலகம் கிடையாதும்மா."

"வேப்பமரம்?"

"அது பக்கத்து ரோடு. வேற யாரோ வந்த வழி."

பியூலாவுக்கு வெட்கமாக இருந்தது. ஓவர்சியர் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

முதலில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வந்தது. அவள் லோயர் பரீட்சையில் தோற்ற இடம். வாத்தியார் வாசலில் நின்றிருந்தார். ஒவ்வொரு வார்த்தைக்கும் கொஞ்சம் இடதுபக்கம் நகர்ந்தார். வாக்கியத்தின் கடைசியில் அவருக்குள் மணி அடித்தது. உடனே சரேலென்று பழைய இடத்துக்குப் போய் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கினார்.

"நீ விரலைப் பாத்து அடிச்ச," என்றார். மணி அடித்தது. "அதான் ஃபெயில்."

"சார், வழியை மூடப் போறாங்க. வர்றீங்களா?"

"மார்ஜின் தாண்டி வர முடியாதும்மா."

அடுத்து அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பஜ்ஜி இன்னும் சூடாக இருந்தது. மாப்பிள்ளையின் அக்காவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. மாப்பிள்ளை காலமாகிவிட்டார். ஆனாலும் மரியாதைக்குக் காப்பியைக் குடித்தார்.

"யோசிச்சுச் சொல்லி அனுப்புறோம்," என்றாள் அக்கா.

பியூலா தலையாட்டினாள். அன்றைக்கும் அப்படித்தான் தலையாட்டியிருந்தாள்.

அதற்கப்புறம் பொருட்காட்சி மைதானம் வந்தது. ஓவர்சியர் நின்றார்.

"வழி இங்கதாம்மா ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி வெறும் பொட்டல்."

காணாமல்போனவர்களுக்கான அறிவிப்புக் கூடாரம் அப்படியே இருந்தது. கல்யாணப் பேச்சு தொடங்குவதற்கு முந்தின வருஷம் பியூலா அங்கே தற்காலிகமாக மைக்கில் பேசும் வேலை பார்த்தாள். ஒரு நாள் நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்கள். ஊதா கவுன். பேர் கேட்டால் சொல்லவில்லை. ஊர் கேட்டால் சொல்லவில்லை. பியூலா ஊதா கவுன், ஊதா கவுன் என்று திரும்பத் திரும்ப அறிவித்தாள். யாரும் வரவில்லை.

கடைகளின் தகரக் கதவுகளை இழுத்து மூடும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. குழந்தை அழவில்லை. அதுதான் பியூலாவைப் படுத்தியது. மைக்கைப் பிடித்துத் தன்போக்கில் சொல்ல ஆரம்பித்தாள். குழந்தையின் பெயர் மாலினி. இடது கையால்தான் சாப்பிடுவாள். ராட்டினம் என்றால் பயம். அவளுடைய அப்பா மீசையைத் தடவிக்கொண்டே பேசுவார். அம்மா சிரித்தால் கண் மூடிக்கொள்ளும்.

கொஞ்ச நேரத்தில் ஒரு ஆணும் பெண்ணும் வந்தார்கள். ஆள் மீசையைத் தடவினார். "எங்க மாலினிதான்," என்றார். அவர் மனைவி சிரித்தாள். கண் மூடிக்கொண்டது. குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அன்றிலிருந்துதான் பியூலாவால் கதை கட்டாமல் இருக்க முடியாமல் போயிற்று. இதை அவள் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை.

இப்போது அந்த மூன்று பேரும் கூடாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் ஒரு நாள்கூட வயது ஏறியிருக்கவில்லை.

"நீங்க வீட்டுக்குப் போகலையா?" என்றாள் பியூலா.

"கேட் வரைக்கும் போனோம்," என்றார் மீசைக்காரர். "அப்புறம் எங்கிட்டுப் போறதுன்னு தெரியலை. வீடு எங்கன்னு நீங்க சொல்லலையே."

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"சரி, எங்க வீட்டுக்கு வாங்க," என்றாள் பியூலா.

ஓவர்சியர் தொண்டையைச் செருமினார். "அந்தப் பக்கம் தார் ஊத்தியாச்சும்மா."

"மத்தியானம்னு சொன்னீங்க?"

"மத்தியானம் சீக்கிரம் வந்துருச்சு."

"அப்ப நான் எப்படி வீட்டுக்குப் போறது?"

"அதைத்தாம்மா நானும் வர்றப்பவே யோசிச்சேன்," என்றார் ஓவர்சியர். அவர் முகத்தில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. ரோடு ரோலர் அவரைத் தேடி வந்து நின்றது. ஏறிப் போய்விட்டார்.

பியூலா மைக்கை எடுத்தாள். கரண்ட் இல்லை. வெறும் வாயாலேயே சொன்னாள்: "கேட்டைத் தாண்டினதும் ஒரு சோடாக் கடை."

சோடாக் கடை வந்தது. நாலு பேரும் அதைக் கடந்தார்கள்.

"வலது பக்கம் ஒரு சந்து. முனையில தையல் கடை."

வந்தது. தையல்காரர் நிமிர்ந்து பார்த்து வணக்கம் சொன்னார். அப்படிச் சொல்வார் என்று பியூலா சொல்லியிருக்கவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

"பச்சைக் கதவு போட்ட வீடு. ஜன்னல்ல துணி காயுது. அடுப்புல சோறு கொதிக்குது. இதான் உங்க வீடு."

மாலினியின் அம்மா சிரித்துக் கண்ணை மூடிக்கொண்டு கதவைத் திறந்தாள். எல்லோரும் உள்ளே போனார்கள். சோற்று வாசனை அடித்தது. நடந்துகொண்டே வீட்டின் மறுபக்கத்தில் தெருவுக்கு வந்துவிட்டார்கள். பின்சுவர் உண்டு என்று பியூலா சொல்ல மறந்திருந்தாள். திரும்பிப் பார்த்தபோது அந்த இடத்தில் தார் போட்டிருந்தது.

"பரவால்லக்கா," என்றாள் அம்மா. "அடுத்த வீட்டுல சரியாச் சொல்லுங்க."

பியூலா சொன்னாள். சுவர் சொன்னால் கூரை விட்டுப்போயிற்று. கூரை சொன்னால் படி விட்டுப்போயிற்று. தொண்டை கட்டியது. அவள் சொல்வதை நிறுத்தும்போதெல்லாம் பின்னால் ரோலர் சத்தம் பக்கத்தில் கேட்டது. குழந்தை அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. இடது கையால்தான்.

"அப்புறம் ஒரு முக்கு," என்றாள் பியூலா.

முக்கு வந்தது. திரும்பினார்கள்.

"அப்புறம்?" என்றாள் மாலினி.

பியூலா யோசித்தாள். மூன்று பேரும் அடுத்த அடிக்காக ஒரு காலைத் தூக்கியபடி அவள் வாயைப் பார்த்து நின்றார்கள். கீழே தரை இன்னும் வரவில்லை. பியூலாவும் காலைத் தூக்கியிருந்தாள்.