மூன்றாம் நம்பர் துப்பாக்கியின் பிடி

துப்பாக்கியில் ஏதாவது ஒரு கோளாறு இருந்து தொலையட்டும் என்று செங்குட்டுவன் காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தான். ஊர் உலகத்தில் எந்த மெக்கானிக்காவது, தன் கையால் ராவி ராவிச் சரிசெய்த பொருள் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று வேண்டுவானா? இவன் வேண்டினான். அதுவும் கோயில் வாசல், மாதாகோயில் வாசல் என்று எந்த வாசலையும் மிதிக்காத ஆள்.

திருவொற்றியூரில் ஒரு கம்பெனியின் டூல் ரூமில் அவன் ஃபிட்டர். வார லீவு நாளில் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டோரம், பழைய உப்புக் குடோனுக்குப் பின்னாலிருக்கும் ரைபிள் கிளப்புக்கு வந்து அங்குள்ள துப்பாக்கிகளைப் பிரித்து, துடைத்து, சரிபார்த்துக் கொடுப்பான். அவன் மனைவி மாயா அந்தக் கிளப்பில் சுடுகிறவள். ராயபுரத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை, கல்லூரியில் என்.சி.சி.யில் பிடித்த துப்பாக்கியை முப்பது வயதாகியும் விடவில்லை. மாநில அணிக்குப் போகும் வாய்ப்பு இரண்டு தடவை ஒரே ஒரு மார்க்கில் நழுவியது. மூன்றாவது தடவை, வருகிற ஞாயிற்றுக்கிழமை செலக்ஷன்.

கிளப்பின் மூன்றாம் நம்பர் துப்பாக்கி அவளுக்கென்றே செங்குட்டுவன் மாற்றியமைத்தது. பாயிண்ட் டூ-டூ கைத்துப்பாக்கி, ஐந்து தோட்டா மேகசின். விசையின் பாரத்தை அவள் விரலுக்கு ஏற்றபடி வைத்திருந்தான். மரப்பிடியை அவள் உள்ளங்கைக்கு அச்சு எடுத்ததுபோல் செதுக்கியிருந்தான். அதை வேறு யார் பிடித்தாலும் அடுத்தவன் செருப்பில் காலை விட்டதுபோல் இருக்கும்.

போன ஞாயிறு பயிற்சியில் அந்தத் துப்பாக்கி மாயாவின் கையில் நான்கு முறை நின்றுபோனது. சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியே தெறித்து விழாமல், வாயில் குறுக்கே மாட்டிக்கொண்டது. பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி, “அக்காவுக்குக் கை வீக் ஆயிடுச்சு போல” என்று முணுமுணுத்தாள். அவ்வளவுதான், செங்குட்டுவனுக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம்!

“கை இன்னா பண்ணுச்சு? துப்பாக்கிலதான் கோளாறு கீது! எவளாவது கைய பத்திப் பேசுனீங்கோ, அவ்ளோதான்!”

“உடுயா, வேணாம்” என்று மாயா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் கேட்டால்தானே.

கிளப் செயலாளர் ஃப்ளோரன்ஸ் அம்மா தெற்கத்திக்காரர். இரும்பு வியாபாரக் குடும்பம், சாத்தாங்காட்டில் குடோன் இருக்கிறது. சத்தம் போட மாட்டார். “சரிப்பா, கோளாறுன்னா டெஸ்ட் பண்ணி வியாழக்கிழமைக்குள்ள எழுதித் தா. மாயாவுக்கு வேற துப்பாக்கி பாத்து செலக்ஷனுக்கு அனுப்புதேன். கோளாறு இல்லன்னா…” என்று நிறுத்திக்கொண்டார்.

அந்த ‘இல்லன்னா’தான் நான்கு நாளாக அவனைத் தூங்கவிடவில்லை. துப்பாக்கியில் இல்லை என்றால் கையில். கையில் என்றால், அது வெறும் கை வலியோடு நிற்காது. மாயாவின் அண்ணன் பாரி வியாசர்பாடியில் ஃபுட்பால் ஆடியவன். இருபத்துநான்கு வயதில் அவன் கால் லேசாக இழுக்க ஆரம்பித்தது. கால் சதை கரைந்தது, பிறகு கை, பிறகு தொண்டை. நாலே வருஷம். இந்த நரம்பு நோய் சில குடும்பங்களில் கூடப்பிறந்தவர்களுக்கும் வரலாம் என்று டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார். செங்குட்டுவன் கல்யாணம் பண்ணும்போது பாரி சுவரில் மாலையோடு போட்டோவாக இருந்தான். அந்த வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. அவனும் எடுத்ததில்லை. ஆனால் ஆறு வருஷமாக, மாயா நடக்கும்போதெல்லாம் அவள் காலைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டே இருந்தான். பாரிக்குக் காலில்தானே ஆரம்பித்தது?

இன்று வியாழன். கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு எட்டு மணிக்கே வந்துவிட்டான். ஃப்ளோரன்ஸ் அம்மா அலமாரியைத் திறந்து துப்பாக்கியையும் தோட்டாப் பெட்டிகளையும் எண்ணிக் கொடுத்தார். வெளியே துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் நகராமல் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

முதலில் வைஸ். மேஜையில் இறுக்கிய வைஸின் தாடைகளுக்கு நடுவில் ரப்பர் வைத்து, துப்பாக்கியை அதில் மாட்டினான். வைஸுக்குப் பயம் கிடையாது, மூச்சு வாங்காது, செலக்ஷன் கவலை கிடையாது. அது பிடித்துச் சுட்டும் குறி சிதறினால் குற்றம் துப்பாக்கியுடையது. காதை மூடிக்கொண்டு ஐந்து சுட்டான். இருபத்தைந்து மீட்டர் நடந்து போய் குறி அட்டையைப் பார்த்தான்.

ஐந்தும் ஒரே ஓட்டையாக இருந்தது. ஒரு ரூபாய்க் காசை வைத்தால் மூடிவிடும்.

“அய்யே, ஒழுங்கா சுடுது சனியன்” என்று வாய்விட்டே திட்டினான்.

சரி, குறி தப்பவில்லை. நின்று நின்று போகிறதே, அதைப் பார்ப்போம் என்று மறுபடி நிரப்பினான். இப்படித் தானே கூட்டை வெளியே எறிந்து, தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிக்கு ஒரு குணம் உண்டு. வெடிக்கும் வேகத்தில் அதன் போல்ட், குழலை அடைத்து நிற்கும் இரும்புக் கட்டை, பின்னால் ஓட வேண்டும், ஓடி முட்டித் திரும்ப வேண்டும். ஸ்பிரிங் சோர்ந்திருந்தாலும் நிற்கும், கூட்டை இழுக்கும் கொக்கி தேய்ந்திருந்தாலும் நிற்கும், மேகசினின் உதடு வளைந்திருந்தாலும் நிற்கும். இந்த மூன்றில் ஒன்று. ஒன்றே ஒன்று போதும் அவனுக்கு.

இருபது மேகசின். நூறு தோட்டா. ஒரு தடவைகூட நிற்கவில்லை.

வைஸிலிருந்து கழற்றித் தன் கையில் பிடித்தான். பிடி அவன் கைக்குப் பொருந்தாமல் உறுத்தியது. இருந்தும் ஐம்பது சுட்டான். காலிக் கூடுகள் வலப்பக்கம் துள்ளித் துள்ளிச் சிமெண்டுத் தரையில் விழுந்தன. நிற்கவில்லை.

இதற்குமேல் சோதிக்க ஒன்று பாக்கி இருந்தது. அதைச் செய்யாமல் எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தான். போகவில்லை, டூல் ரூம் புத்தி. துப்பாக்கியை நீட்டி, மணிக்கட்டைத் தளர்த்திக்கொண்டான். தூக்கம் வந்த குழந்தை பொம்மையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு விசையை அழுத்தினான்.

முதல் தோட்டா போனது. இரண்டாவதில் நின்றது. காலிக் கூடு வாயில் குறுக்கே நின்றது. அச்சு அசலாக ஞாயிற்றுக்கிழமை மாயாவின் கையில் நின்றதுபோலவே.

பின்னால் அணைப்பாக நிற்க வேண்டிய கை தளர்ந்து கொடுத்துவிட்டால், துப்பாக்கி மொத்தமாகக் கையோடு சேர்ந்து பின்வாங்கும். போல்ட் முழுதாக ஓடாது. அவனுக்குத் தெரிந்த விஷயம்தான். புதிதாக வரும் பெண்களுக்கு அவனே சொல்லிக்கொடுப்பது. மறுபடி செய்தான், மறுபடி நின்றது. துப்பாக்கியைக் காலி செய்து மேஜையில் வைத்துவிட்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தான்.

முடிவை எழுத வேண்டும். ஜாப் கார்டை எடுத்தான். கம்பெனிப் பழக்கம் அது. ஒரு இழை ராவினாலும் தேதி போட்டு, அளவு போட்டு அட்டையில் எழுதாமல் அவனுக்குச் சோறு இறங்காது. மூன்றாம் நம்பரின் அட்டையில் அவன் கையெழுத்திலேயே வரிசையாக இருந்தது.

மார்ச் 12. பிடி லூஸ். கட்டைவிரல் மேட்டுப் பக்கம் மரப்புட்டி 1 மில்லிமீட்டர் கனம்.

ஜூன் 3. மறுபடி லூஸ். புட்டி ஒன்றரை மில்லி.

ஆகஸ்ட் 20. புட்டி 1 மில்லி. விசை பாரம் குறைத்தது.

அக்டோபர் 9. புட்டி ஒன்றரை மில்லி. ஸ்பிரிங் மாற்றி லேசானது போட்டது.

ஒவ்வொரு தடவையும் மாயா, “பிடி ஆடுதுயா” என்று சொல்லுவாள். இவன் பார்ப்பான், அவள் கைக்கும் மரத்துக்கும் நடுவில் இடைவெளி தெரியும். “கடக்கரை காத்துல மரம் சுருங்கிடுச்சுமே” என்பான். மரப்புட்டியைக் குழைத்து அப்பி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டுக் கொடுப்பான். “இப்போ?” “இப்போ சூப்பரா கீது.”

மரம் சுருங்கிவிட்டதாம்! அட, அறிவு கெட்டவனே! இந்த ஊர்க் கடல் காற்றில் எந்த மரமடா சுருங்கும்? ஈரம் குடித்து ஊதத்தானே செய்யும்? உன் வீட்டுக் கதவையே மழை மாதத்தில் தோளால் இடித்துத்தானே திறக்கிறாய்? இருபது வருஷமாக வெர்னியர் அளவுகோலைப் பிடித்த கை, மரத்தை அளந்தது, புட்டியை அளந்தது, ஸ்பிரிங்கை அளந்தது. பெண்டாட்டியின் கையை ஒருநாள்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

நான்கையும் கூட்டிப் பார்த்தான். ஐந்து மில்லி. கட்டைவிரலுக்கு அடியிலிருக்கும் அந்தச் சதைமேடு ஐந்து மில்லி கரைந்திருக்கிறது. கரையக் கரைய இவன் மறைத்திருக்கிறான். விசையை இலேசாக்கி, ஸ்பிரிங்கை இலேசாக்கி, எட்டு மாசம், அவள் கைக்கு ஒன்றுமில்லை என்று உலகத்துக்கும் அவளுக்கும் தனக்கும் நிரூபித்திருக்கிறான். இனி இலேசாக்க அந்தத் துப்பாக்கியில் எதுவும் மிச்சமில்லை.

“முடிஞ்சிட்டாப்பா?” என்று ஃப்ளோரன்ஸ் அம்மா அறை வாசலிலிருந்து கேட்டார்.

“இன்னும் கொஞ்சம் கீதும்மா.”

மதியம் சாப்பாட்டு நேரத்தில் மாயா கடையிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்தாள். டிபன் கேரியரை இடக்கையில் பிடித்திருந்தாள். எப்போதிலிருந்து இடக்கையில் பிடிக்கிறாள்? அவனுக்கு ஞாபகமில்லை.

“இன்னாயா, மூஞ்சி ஏன் இப்டி கீது? டெஸ்ட் இன்னா ஆச்சு?”

“ஸ்பிரிங்கு வீக்கு” என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். “கொக்கியும் தேஞ்சி கீது. பேஜாரு புட்ச்ச துப்பாக்கிமே இது. அம்மாகிட்ட வேற கேப்போம்.”

மாயா ஸ்டூலை இழுத்து எதிரில் உட்கார்ந்தாள். “வைஸ்ல எத்தினி வாட்டி நின்னுது?”

அவன் டிபன் கேரியரைத் தன் பக்கம் இழுத்துத் திறக்கப் போனான்.

“ஒன்னத்தான் கேக்குறேன். எத்தினி வாட்டி?”

“நிக்கல.”

“உன் கையில?”

“நிக்கல.”

“அப்புறம் இன்னாத்துக்குப் பொய் சொல்லிகினு கீற?” அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவனைக் கொன்றது. அட்டையை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு அவன் பக்கம் தள்ளினாள். “இன்னா கீதோ அத எழுது. துப்பாக்கி ஓகேன்னு எழுதுயா. ஞாயித்துக்கெழம இத நம்ம கிளப்பு பொண்ணு சங்கமித்ரா கையில குடுத்துடலாம். அவ நல்லா சுடுறா. புட்டிய மட்டும் சொரண்டிடு, அவளுக்கு உறுத்தும்.”

“என்னால முடியாதுமே.”

“வேற யார்னா கையில குடுத்தா மரத்தையும் சேத்து ராவிப்புடுவான். நீயே செய்.”

செய்தான். எழுதினான் முதலில்: குறி சரி, நூற்றைம்பது தோட்டா, ஒருமுறையும் நிற்கவில்லை, துப்பாக்கி நல்ல நிலையில் இருக்கிறது. அப்படி ஒரு நல்ல வார்த்தையை அவன் இத்தனை வெறுப்போடு எழுதியதில்லை. பிறகு அரத்தை எடுத்து நான்கு புட்டியையும் ராவினான். பழுப்புத் தூள் அவன் தொடையெல்லாம் கொட்டியது. அடியில் அவன் முதன்முதலாகச் செதுக்கிய மரம் வந்தது. கல்யாணமான புதிதில் அவள் கையை மாவில் பதித்து அச்சு எடுத்துச் செதுக்கியது.

“குடு, ஒரு வாட்டி பாக்குறேன்” என்று மாயா கையை நீட்டினாள்.

மேகசின் இல்லாத துப்பாக்கியை அவள் வலக்கையில் வைத்தான். அவள் தன்னால் முடிந்த மட்டும் இறுக்கிப் பிடித்தாள். முன்பு தோலும் மரமும் ஒட்டிக் கிடந்த இடத்தில் வெளிச்சம் தெரிந்தது. இரண்டு பாகங்களுக்கு நடுவில் இடைவெளி கண்டால் விரல் வைத்துப் பார்ப்பது ஃபிட்டரின் வழக்கம், யோசிக்காமல் வைத்துவிட்டான். அவன் சுண்டு விரல் நுனி அப்படியே உள்ளே போனது.

அவன் அழுதான். பட்டப்பகலில், கதவு திறந்திருக்க, அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஃப்ளோரன்ஸ் அம்மா பார்த்துக்கொண்டிருக்க, வாயைப் பொத்தக்கூடத் தோன்றாமல் அழுதான். மாயா துப்பாக்கியை மேஜையில் வைத்துவிட்டு இடக்கையால் அவன் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள்.

“போன மாசமே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துட்டேன்யா. கையில ஊசி குத்தி கரண்டு வச்சிப் பாத்தாங்கோ. பாரிக்கு வந்ததுதான்.”

“ஏன்மே சொல்லல? ஒரு வார்த்த சொல்லலியேமே?”

“பாரிக்கு சோறு ஊட்டுனது நானு. நாலு வருசம். கடைசில தண்ணி முழுங்க முடியாம கெடந்தானே, அப்பவும் பக்கத்துல நாந்தான். அடுத்து இன்னா, அதுக்கு அடுத்து இன்னான்னு எனக்கு எல்லாம் தெரியும். நீ ஒண்ணும் பாக்கல, உனக்குத் தெரியாது.” அவன் முடியில் ஒட்டியிருந்த புட்டித் தூளைத் தட்டிவிட்டாள். கட்டைவிரல் சரியாக வரவில்லை. மற்ற விரல்களால் தட்டினாள். “இன்னும் கொஞ்ச நாளு நீயாவது தெரியாம சிரிச்சிகினு இருக்கட்டுமேன்னு பாத்தேன். அதான்யா, நீ மரம் சுருங்கிடுச்சுன்னு சொல்லச்சொல்ல நானும் ஆமா ஆமான்னுகினு இருந்தேன்.”