டயல் கேஜில் ஒரு சொட்டு எண்ணெய்

முள் பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை. தடிமன் அளக்கும் டயல் கேஜின் தண்டை விரலால் மேலே தள்ளி விட்டேன். தானாக இறங்க வேண்டியது பாதியில் நின்றது.

தண்டைத் துடைத்த துணியில் கறுப்புப் பசை. எண்ணெயும் தூசியும். அந்தத் தண்டுக்கு எண்ணெய் விடவே கூடாது. ஸ்பிரிட்டில் துடைத்து உலரவிட வேண்டும். திருவொற்றியூர்க் காற்றில் எண்ணெய் பட்ட எதிலும் தூசி ஏறிவிடும்.

காலை ஷிப்டில் அளந்தவள் செங்கொடி. பம்ப் ஷாஃப்டுகள். அவள் சரி என்று எழுதிக்கொடுத்து, எல்லாம் ஹார்பருக்கு லாரி ஏறிவிட்டன. தண்டு மேலேயே ஒட்டி நின்றிருந்தால் மெலிந்த ஷாஃப்டும் சரியான அளவையே காட்டியிருக்கும்.

கிளம்பிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். உப்புக் காற்றில் துருப் பிடிக்குமே என்று தையல் மிஷின் எண்ணெய் விட்டதாகச் சொன்னாள். கொருக்குப்பேட்டையில் அவள் வீட்டில் ஃபேன், கதவு எல்லாவற்றுக்கும் அதுதானாம். சொல்லும்போதே முகம் மாறிவிட்டது. அடுத்த மாதம் அவளை நிரந்தரமாக்குவதாக சூப்பர்வைசர் நோயல் சொல்லியிருந்தார்.

மாதிரிக்கு எடுத்துவைத்த ஷாஃப்ட் ஒன்று மேசையில் இருந்தது. தண்டை இருமுறை துடைத்தேன். உலரக் காத்திருந்தோம். அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அளந்தேன். முள் சரியான அளவுக்கு மூன்று கோடு குறைவாக நின்றது. மறுபடியும் அளந்தேன். அதே மூன்று.

"எண்ணெ நீ வுட்டதா சொல்லுண்ணா," என்றாள். "சௌமியா அண்ணி போனதுலர்ந்து உன்ன யாரும் ஒரு வார்த்த கேக்கறதில்ல. நான்னு தெரிஞ்சா நாளைக்கே வராதன்னுடுவாங்க."

உண்மைதான். மனைவி இறந்தவனிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் நான் இங்கே வந்துவிடுகிறேன். வீட்டில் உட்கார முடிவதில்லை.

நோயலுக்கு போன் செய்தேன். லாரி டோல்கேட் நெரிசலில் நின்றிருந்தது. திருப்பச் சொல்லிவிட்டு அவரே அறைக்கு வந்தார். எண்ணெய் விட்டது யார் என்று கேட்டார். நான் என்றேன். செங்கொடி தரையைப் பார்த்தாள்.

கத்துவார் என்று நின்றேன். தோளில் கை வைத்தார்.

"தப்பு எம்மேல தம்பி. உன்ன இவ்ளோ சீக்கிரம் வேலைக்கு இட்டாந்துருக்கக் கூடாது. ஒரு மாசம் வூட்ல இரு. சம்பளம் வரும்."

வேண்டாம் என்றேன். அதெல்லாம் பேசக்கூடாது, இன்றைக்கே கிளம்பு என்றார்.

லாரி வந்ததும் எல்லா ஷாஃப்டையும் மறுபடி அளக்க வேண்டுமே, அதையாவது முடித்துவிட்டுப் போகிறேன் என்று கேட்டேன்.

செங்கொடி அளப்பாள் என்றார்.