கத்திக்குப் போட்ட மருந்து

இப்போதைய மாயக்கதைகளில் நாயகனின் காயத்தில் ஒரு சொட்டு தைலம் விட்டால் போதும், தழும்புகூட இல்லாமல் ஆறிவிடும். நாமும் சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்புகிறோம். நானூறு வருடங்களுக்கு முன், நன்றாகப் படித்த மருத்துவர்களே இதைவிடப் பெரிய கதையை நம்பினார்கள். மருந்தைக் காயத்துக்குப் போடக் கூடாதாம், குத்திய கத்திக்குப் போட வேண்டுமாம்.

அப்படியொரு மருத்துவர்தான் பட்டறைக்காரரின் கட்டிலருகே நின்றிருந்தார். பட்டறைக்காரருக்குப் புத்தகங்களுக்குத் தோல் அட்டை போடும் தொழில். முந்தின நாள் பொழுது சாயும் நேரத்தில், சந்தில் யாரோ அவர் விலாவில் குத்திவிட்டு ஓடியிருந்தார்கள். இடுப்பிலிருந்த பணப்பையைத் தொடவே இல்லை. அதுதான் அவர் மனைவியை உறுத்தியது. திருடன் இல்லையென்றால், வேண்டாதவன் யாரோ.

"குத்தின கத்தி வேணும்மா. ரத்தத்தைக் கழுவாம கொண்டாங்க," என்றார் மருத்துவர். "அதுல தைலத்தைப் பூசிக் கட்டி வெச்சா காயம் தானா மூடிக்கும். காயத்தைத் தினமும் நல்ல தண்ணியில கழுவி, சுத்தமான துணியால கட்டுங்க, போதும்."

"கத்தியை யாரு ஐயா கொண்டாந்து குடுப்பாங்க? குத்தினவனா?"

மருத்துவர் தைலக் குப்பியைக் கட்டிலருகே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் மதியம் பட்டறைக்காரரின் தம்பி, அவள் கொழுந்தன், ஒரு கத்தியைக் கொண்டுவந்து நீட்டினான். துருவேறிய பழைய கத்தி, அலகில் காய்ந்த ரத்தம். சாக்கடையோரம் கிடந்ததாம்.

"காவக்காரங்க அத்தனை பேரு தேடியும் கெடைக்காதது உனக்கு மட்டும் எப்படிக் கெடைச்சுது?"

"தேடினேன், கெடைச்சுது அண்ணி." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

போன வாரம்தான் பட்டறையைப் பிரித்துக் கொடு என்று அண்ணனிடம் மல்லுக்கு நின்றான். "நீ இருக்கிற வரைக்கும் எனக்கு விடிவே இல்ல" என்று பசைச் சட்டியை எட்டி உதைத்தான். கோபத்தில் யார்தான் பேசவில்லை? ஆனால் பேசிய மறு வாரமே விலாவில் கத்தி இறங்கினால் அதை எப்படி மறப்பது? குத்தியவனிடம்தானே கத்தி இருக்கும், இப்போது மனசு கேட்காமல் கொண்டுவந்திருக்கிறான் என்று நினைத்தாள். இருந்தாலும் அவளுக்குக் கத்தி வேண்டியிருந்தது. வாயை மூடிக்கொண்டு வாங்கினாள்.

அதன்பின் கத்திக்கு ராஜ உபசாரம் நடந்தது. தைலம் பூசி, துணி சுற்றி, காற்றுப்படாமல் அலமாரியில் வைத்தார்கள். கட்டிலில் கிடந்த மனிதருக்கு வெறும் தண்ணீரும் துணியும்தான். ஆனாலும் அவர் தேறினார்.

"பாத்தியாம்மா! குத்தின கத்தியேதான் இது. வேற கத்தியா இருந்தா தைலம் வேலை செஞ்சிருக்குமா?" மருத்துவருக்குப் பெருமை தாங்கவில்லை.

அவளுக்கு அது சாட்சியாகக் கேட்டது. புருஷன் தேறத் தேற அவள் சந்தேகமும் தேறியது. கொழுந்தன் வலக்கையைச் சட்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தான், சாப்பாட்டுக்கும் வெளியே எடுக்கவில்லை. கேட்டால், கொதிக்கிற பசை கொட்டிவிட்டது என்றான். கத்தி பிடித்த கை கூசுகிறது போல என்று எண்ணிக்கொண்டாள்.

கணவர் எழுந்து உட்கார்ந்த அன்று, கொழுந்தனைக் காட்டிக்கொடுக்கக் காவல் சாவடிக்குப் போனாள். அவள் வாயைத் திறக்குமுன் காவல்காரர் முந்திக்கொண்டார்.

"நாங்களே வரணும்னு இருந்தோம்மா. ஆளு மாட்டிக்கிட்டான். சூதாட்டத்துல தகராறாம். வேற யாரையோ குத்தப் போயி ஆள் மாறி உங்க வீட்டுக்காரரைக் குத்திட்டான். இதான் கத்தி, ஒத்துக்கிட்டான்."

மேசையில் எலும்புப் பிடி போட்ட கத்தி ஒன்று கிடந்தது. அப்படியென்றால் அலமாரியில் இருப்பது யாருடைய கத்தி? யாருடைய ரத்தம்?

பட்டறைக்கு ஓடினாள். கொழுந்தன் தோல் கட்டின்மேல் சாய்ந்து கிடந்தான். உடம்பு அனலாய்க் கொதித்தது. கையை வெளியே இழுத்தாள். உள்ளங்கையின் குறுக்கே ஆழமான வெட்டு, அதில் சீழ். சுண்டுவிரல் கறுத்திருந்தது. அழுக்குத் துணி புண்ணோடு ஒட்டிப்போயிருந்தது.

"பழைய இரும்புக் கடையில வாங்கின கத்தி அண்ணி," என்றான். "என் கையிலேயே கீறிக்கிட்டேன். அண்ணனுக்கும் எனக்கும் ஒரே ரத்தந்தானே. தைலத்துக்கு வித்தியாசம் தெரியாதுன்னு நெனைச்சேன்."

"பாவி, நான் உன்னைத்தான்டா சந்தேகப்பட்டேன்!"

"தெரியும். நெசத்தைச் சொன்னா கத்தியைத் தூக்கி எறிஞ்சிருப்பீங்க. அண்ணன் எழுந்து நடக்கட்டும், அப்புறம் என்ன வேணா ஆகட்டும்னு இருந்தேன்."

அத்தனை நாளும் தைலம் ஊறியது இவன் ரத்தத்தில். அழுகியதும் இவன் கைதான். தண்ணீரும் துணியும் பட்ட புருஷனின் காயம் ஆறியிருந்தது. அவளுக்கு மருத்துவர்மேல் ஆத்திரம் வந்தது, தன்மேல் அதைவிட அதிகமாக வந்தது. இந்தக் கையை முதல் நாளே காட்டச் சொல்லியிருந்தால்!

அவனைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய் உட்காரவைத்தாள். ஒரு செம்பில் வெந்நீர் கொண்டுவந்து மடியில் அவன் கையை ஏந்திக்கொண்டாள்.

"மருத்துவர்கிட்ட இப்பச் சொல்லிடாதீங்க அண்ணி, தைலத்தை நிறுத்திடுவாரு. அண்ணன் இன்னும் படியேறல."

அழுதுகொண்டே நீரை ஊற்றினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தான். நீர் விழுவது நின்றது.

"நான் தாங்கிக்கிறேன், சும்மா ஊத்துங்க அண்ணி," என்றான்.

செம்பில் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது.